ஹிட்ச் ரேக்கில் சைக்கிள் ஏற்றுவது: ரிசீவரை அளப்பதிலிருந்து இறக்கி வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஹிட்ச் என்பது வண்டியின் பின்னால் அடியில் பொருத்தும் இழுவை அமைப்பு; அதில் மாட்டும் சைக்கிள் தாங்கிதான் ஹிட்ச் ரேக். ரேக் வாங்கிய முதல் நாளே அதை வண்டியின் பின்னால் சொருகி, சைக்கிள்களைத் தூக்கி வைத்து, கையில் கிடைத்த ஸ்ட்ராப்பையெல்லாம் போட்டுக் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள்கள் தலையாட்டும். ஓரங்கட்டி இன்னும் இரண்டு கட்டு போடுவார்கள். ஆட்டம் நிற்காது. ஏனென்றால் உண்மையில் ஆடுவது ஹிட்சின் குழாய்க்குள், அதாவது ரிசீவருக்குள், இருக்கும் ரேக்கின் தண்டு. அடியில் தளர்வு இருக்கும்வரை மேலே எத்தனை கட்டு போட்டும் பயனில்லை.

அதனால்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். முதலில் எடைக் கணக்கு, அடுத்து வெறும் ரேக்கை ஆட்டமில்லாமல் இறுக்குவது, அதற்குப் பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும்.

1. ரிசீவரை அளந்து பாருங்கள்

பின் பம்பருக்கு அடியில் சதுர வாயுடன் இருக்கும் இரும்புக் குழாய்தான் ரிசீவர். ரேக்கின் தண்டு இதற்குள்தான் போகிறது. அளக்க வேண்டியது வாயின் உள் அளவை. கார்களில் பெரும்பாலும் ஒன்றேகால் இன்ச் (சுமார் 32 மி.மீ.) அல்லது 2 இன்ச் (சுமார் 51 மி.மீ.) இருக்கும்; கனரக பிக்கப் வண்டிகளில் 2.5 இன்ச், 3 இன்ச்சும் உண்டு. குழாயின் வெளிப்பக்கத்தை அளந்துவிட்டு, 2 இன்ச் ரிசீவரை இரண்டரை என்று நினைத்துத் தவறான ரேக்கை வாங்குவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ரிசீவரின் பக்கவாட்டில், தண்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி, அதாவது பின் (pin), போகும் துளை இருக்கும். 2 இன்ச் ரிசீவருக்கு 5/8 இன்ச் பின், ஒன்றேகால் இன்ச்சுக்கு 1/2 இன்ச் பின். பெரிய துளையில் சிறிய பின்னைப் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின் துளையின் ஓரத்தில் இடிக்கும். துளை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும்.

ஹிட்ச் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள். வண்டியின் சேசிஸில் போல்ட் போட்டிருந்தால் நல்லது. பம்பரின் தகட்டில் மட்டும் மாட்டிய ஹிட்சை நம்பி ரேக் வைக்கக் கூடாது.

சில வண்டிகளில் சதுர ரிசீவருக்குப் பதில் 50 மி.மீ. உருண்டை, அதாவது டவ் பால் இருக்கும். அதற்கு வேறு வகை ரேக் வேண்டும். அது உருண்டையை உராய்வால் கவ்விப் பிடிப்பதால் உருண்டையில் கிரீஸோ பெயின்ட்டோ இருக்கக் கூடாது. நன்றாகத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். எடைக் கணக்கும் சைக்கிள் ஏற்றும் முறையும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான்.

2. எடைக் கணக்கைத் தாளில் போடுங்கள்

ஹிட்சில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இழுக்கக்கூடிய எடை. மற்றொன்று ஹிட்சின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். 2,000 பவுண்டு இழுக்கும் என்று பார்த்துவிட்டு, நாலு சைக்கிள் ஒரு பொருட்டா என்று நினைப்பது ஆபத்து. அந்த ஹிட்ச் பெரும்பாலும் கிளாஸ் 1, அதாவது பலம் குறைந்த பிரிவு; அதன் டங் வெயிட் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோதான்.

வண்டியின் கையேட்டிலும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரேக் 24 கிலோ, சாதாரண சைக்கிள் 13 கிலோ, மின் சைக்கிள் 25 கிலோ. மொத்தம் 62 கிலோ. எல்லை 90 என்றால் தாராளமாகப் போகலாம். இதே அமைப்பில், டிக்கி கதவு இடிக்காமல் இருக்க ரிசீவரை நீட்டும் குழாய் ஒன்றைச் செருகினால் சுமை வண்டியிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. அப்படி நீட்டும்போது எல்லையைப் பாதியாக எடுத்துக்கொள்ளும்படி அந்தக் குழாயைத் தயாரிப்பவர்கள் பலரும் சொல்கிறார்கள். 90 இப்போது 45 ஆகிவிட்டது. 62 கிலோவை ஏற்றக் கூடாது. ஒன்றேகால் இன்ச்சை 2 இன்ச்சாக்கும் அடாப்டரும் இப்படித்தான். வாய் அளவு மாறும். ஹிட்சின் பலம் மாறாது, நீளம் கூடுவதால் எல்லை குறையவே செய்யும்.

ரேக்குக்கும் தனி எல்லை உண்டு. ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை கிலோ என்று இரண்டும் எழுதியிருக்கும். தொங்கு ரேக்குகள் பல, ஒரு சைக்கிளுக்கு 16 கிலோ அளவில் நின்றுவிடும். மின் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சைக்கிளின் எடையை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள், வரும் எண்ணிலிருந்து உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

3. தொங்கு ரேக்கா, டிரே ரேக்கா

தொங்கு ரேக்கில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளின் மேல் குழாய் அவற்றில் தொங்கும். ரேக் இலகுவானது, மடக்கினால் இடம் அடைக்காது. ஆனால் மேல் குழாய் நேராக இருக்கும் சைக்கிளுக்குத்தான் பொருந்தும். மேல் குழாய் தாழ்ந்த சைக்கிள், சிறுவர் சைக்கிள், பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் போன்றவற்றுக்கு சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் தனிக் குழாய் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

டிரே ரேக்கில் சக்கரங்கள் தட்டில் நிற்கும். முன் டயரை ஒரு கொக்கிக் கை அழுத்திப் பிடிக்கும்; பின் சக்கரத்துக்கு ஒரு ஸ்ட்ராப். இந்த வகையில் ஃப்ரேமை எதுவும் தொடாது. கார்பன் ஃப்ரேமுக்கு இதைத்தான் வாங்க வேண்டும். கார்பன் குழாய் ஓட்டும்போது வரும் விசைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டில் நெரித்தால் உள்ளே விரிசல் விடலாம், வெளியே தெரியாமலும் போகலாம். டிரே ரேக்கிலேயே ஃப்ரேமைக் கவ்வும் வகையும் உண்டு. வாங்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: வீட்டில் ஒரே ஒரு மின் சைக்கிளோ கார்பன் சைக்கிளோ இருந்தாலும் டிரே ரேக்குக்கே போங்கள். விலை கூடுதல், எடையும் கூடுதல். ஆனாலும் ஏற்றி இறக்கும் வேலை பாதியாகிறது, 25 கிலோவை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை.

4. வெறும் ரேக்கை ஆட்டமில்லாமல் மாட்டுங்கள்

இங்கே செலவழிக்கும் பதினைந்து நிமிடம்தான் பயணம் முழுவதையும் காப்பாற்றுகிறது. அவசரப்படாதீர்கள்.

ரிசீவருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணும் துருவும் இருந்தால் கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். துருப் பொருக்கு மேல் தண்டு உட்கார்ந்தால் முதல் நாள் இறுக்கமாகத்தான் தெரியும். ஓட்டத்தில் அந்தப் பொருக்கு உதிர்ந்து தளர்ந்துவிடும்.

தண்டைச் சொருகி, துளைகளை நேராகக் கொண்டு வாருங்கள். நேராகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. இருபது கிலோவுக்கு மேல் உள்ள ரேக் ஒரு சென்டிமீட்டர் நழுவினாலும் விரல் போய்விடும். ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பாருங்கள். மறுபக்கம் அது தடையில்லாமல் வெளியே வந்தால் துளைகள் நேராக இருக்கின்றன.

அடுத்தது பின். வழவழப்பான பின் என்றால் அதன் முனையில் கிளிப் போட வேண்டும். இந்தப் பின் ரேக் கழன்று விழாமல் காக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. மரை உள்ள போல்ட் என்றால் அது தண்டுக்குள் இருக்கும் நட்டில் ஏறி, தண்டை ரிசீவரின் ஒரு சுவரோடு இழுத்துப் பிடிக்கும். ஆட்டத்தை நிறுத்துவது இந்த இழுப்புதான். முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் சுற்றும்போதே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றித் திரும்ப ஆரம்பியுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை தேய்ந்து போகும். வாஷரை விட்டுவிடாதீர்கள். ரேக்கோடு வந்த கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவலாமா என்பதையும் அதில் பாருங்கள். கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இறுகும்.

இன்னொரு வகையில் ரேக்கின் வெளி முனையில் ஒரு திருகு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் தண்டுக்குள்ளிருந்து ஒரு ஆப்பு வெளியே தள்ளி, ரிசீவரின் மூலையில் அழுந்தும். இதில் பின்னைப் போட்டுவிட்டுத்தான் குமிழைத் திருக வேண்டும். வரிசை மாறினால் தண்டு கோணலாக இறுகி, பின் துளைக்குள் போகாமல் அடம்பிடிக்கும். ஒரு கையால் ரேக்கை ஆட்டிக்கொண்டே மறு கையால் திருகுங்கள். ஆட்ட ஆட்டத் தண்டு தன் இடத்தில் உட்கார்ந்து, குமிழ் இன்னும் அரைச் சுற்று, ஒரு சுற்று போகும்.

இப்போது சோதனை. ரேக்கின் கடைசி முனையை இரண்டு கையாலும் பிடித்து இடது வலமாகவும் மேலும் கீழுமாகவும் பலமாக ஆட்டுங்கள். வண்டியே ஸ்பிரிங்கில் சேர்ந்து ஆடினால் பிடிப்பு சரி. வண்டி அசையாமல் ரேக் மட்டும் "டக் டக்" என்றால் எங்கோ தளர்வு இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க வேறொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, தண்டு ரிசீவருக்குள் நுழையும் விளிம்பில் விரல் நுனியைப் பதித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் தண்டும் ரிசீவரும் தனித்தனியாக நகர்ந்தால் போல்ட்டையோ குமிழையோ இன்னும் இறுக்க வேண்டும். அங்கே அசைவில்லை, மேலே மட்டும் சத்தம் என்றால், ரேக்கைச் சாய்க்கும் மூட்டில் இருக்கும் சிறு இடைவெளி அது. அந்த மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு.

கடைசியாகச் சாய்க்கும் மூட்டின் பின் முழுதாக உள்ளே விழுந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். விழுந்தது போலத் தெரிந்து பாதியில் நின்றுவிடும் பழக்கம் இதற்கு உண்டு. அப்படி நின்றால் முதல் வேகத்தடையில் ரேக் கீழே சாயும்.

5. சைக்கிளை ரேக்குக்குத் தயார் செய்யுங்கள்

காற்றில் பறக்கக்கூடிய எதையும் சைக்கிளில் விடாதீர்கள். தண்ணீர் பாட்டில், பம்ப், சீட் பை, விளக்கு, மீட்டர், கூடை, குழந்தை சீட் எல்லாம் வண்டிக்குள் போக வேண்டும். மின் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று கிலோ குறைவதோடு, மழையும் குலுக்கலும் பேட்டரியைத் தொடாது. பேட்டரி உட்காரும் இடத்தின் உலோக முனைகளை அதற்குரிய மூடியால் மூடுங்கள்.

சைக்கிள் முழுவதையும் உறை போட்டு மூடுவது நல்ல யோசனையாகத் தோன்றும். வேண்டாம். ஓடும்போது அது பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து ரேக்கை இழுக்கும். ஹிட்சின் மேல் விழும் விசை கூடும்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும். கொக்கிக் கை அழுத்திப் பிடிப்பது டயரைத்தான். வழியில் காற்று இறங்கினால் பிடியும் தளரும்.

6. கனமான சைக்கிள் முதலில், வண்டியை ஒட்டி

மேலே சொன்ன இரண்டு சைக்கிள்களையே எடுத்துக்கொள்வோம். உள் டிரே ஹிட்ச் பின்னிலிருந்து 50 செ.மீ., வெளி டிரே 80 செ.மீ. என்று வையுங்கள். 25 கிலோ உள்ளேயும் 13 கிலோ வெளியேயும் இருந்தால், கிலோவை மீட்டரால் பெருக்கிக் கூட்டும்போது 22.9 வருகிறது. மாற்றி வைத்தால் 26.5. அதே சைக்கிள்கள், அதே ரேக். இடம் மாறியதற்கே ஹிட்சை முறுக்கும் விசை ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. நாலு சைக்கிள் ரேக்கில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது.

முதல் சைக்கிளின் ஹேண்டில்பார் இடப்பக்கம் என்றால், அடுத்தது வலப்பக்கம். அப்படியும் ஒன்றின் ஹேண்டில்பார் மற்றொன்றின் சீட்டில் இடிக்கும். டிரேயைப் பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் ஒரு சீட்டை இறக்குங்கள். இறக்குவதற்கு முன் சீட் குழாயில் ஒரு துண்டு டேப் ஒட்டி உயரத்தை அடையாளம் வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பழைய உயரத்தைத் தேட வேண்டியதில்லை.

பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பக்கத்துச் சைக்கிளின் ஃப்ரேமையோ கம்பிகளையோ தொடாத இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு சைக்கிளுக்கும் நடுவே எங்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் தூரம் லேசாக உரசினாலே பெயின்ட் போய் உலோகம் தெரியும்.

7. பிடிப்பும் கட்டும்

டிரே ரேக் என்றால் கொக்கிக் கையை முன் டயரின் மேல், ஃபோர்க்குக்கு அருகே, ஃபோர்க்கையும் பிரேக்கையும் தொடாமல் வையுங்கள். டயர் லேசாக அமுங்கும் வரை ராட்செட்டை (கொக்கிக் கை திரும்ப நழுவாமல் பிடிக்கும் பல் பூட்டை) அழுத்துங்கள். மட்கார்டு இருந்தால் கவனம்: கொக்கி டயரில் உட்கார வேண்டும். மட்கார்டின் மேல் உட்கார்ந்தால் முதலில் மட்கார்டு நசுங்கும், நசுங்கியதும் பிடி விட்டுப்போகும். பின் சக்கர ஸ்ட்ராப்பை ரிம்மைச் சுற்றி, வால்வைத் தவிர்த்துப் போடுங்கள். பின் சக்கரத்தைக் கட்ட மறப்பவர்கள் பலர். முன்பக்கம் உறுதியாகத் தெரிவதால் மனது திருப்தியாகிவிடுகிறது. பின் சக்கரம் குதித்து டிரேயை விட்டு வெளியேறினால் சைக்கிள் முழுவதையும் கொக்கி ஒன்றே தாங்க வேண்டியிருக்கும்.

தொங்கு ரேக் என்றால் மேல் குழாயின் அடியில் ஓடும் பிரேக், கியர் கேபிள்கள் ரப்பர் தொட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே நசுங்காமல் பாருங்கள். சைக்கிள் ஊஞ்சலாடாமல் இருக்க, சீட் குழாயைப் பிடிக்கும் மூன்றாவது தொட்டிலையும் பூட்டுங்கள். முன் சக்கரத்தைக் கீழ்க் குழாயோடு சேர்த்து ஒரு ஸ்ட்ராப் போடுங்கள். கட்டாவிட்டால் ஹேண்டில்பார் காற்றில் திரும்பி வண்டியின் கண்ணாடியில் இடிக்கும்.

தொங்கும் ஸ்ட்ராப் நுனிகளைச் சுருட்டிச் சொருகுங்கள். பிறகு சைக்கிளைப் பிடித்து ஒரு தடவை பலமாக ஆட்டுங்கள். நான்காவது படியில் ரேக் உறுதியாக இருந்ததைப் பார்த்துவிட்டதால், இப்போது ஆட்டம் தெரிந்தால் அது சைக்கிளின் பிடியில்தான் என்று உடனே தெரியும்.

8. புகைக்குழாய், விளக்கு, நம்பர் பிளேட்

சைலன்சரின் வாய் எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு முறை என்னோடு வந்தவரின் சைக்கிளில் முன் சக்கரம் சரியாகப் புகைக்குழாய்க்கு நேரே இருந்தது. இறக்கும்போது டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று இளகிக் கிடந்தது. காற்றடித்ததும் அந்த இடத்திலேயே வீங்கிக்கொண்டது. கார்பன் ரிம்மாக இருந்திருந்தால் சேதம் ரிம்முக்கே போயிருக்கும். டிரேயை நகர்த்துங்கள், அல்லது சைக்கிளைத் திருப்பி வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள்.

பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் தெரிகின்றனவா? மறைந்தால் விளக்குகளும் நம்பர் பிளேட்டும் பொருத்திய பலகையை ரேக்கின் பின்னால் மாட்டி, வண்டியின் மின் இணைப்பில் சொருக வேண்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், புறப்படுவதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கேயும் மாறாது.

டிக்கி கதவு தானாகத் திறக்கும் வண்டி என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சாவியில் பொத்தான் தவறி அழுந்தினாலே கதவு ஹேண்டில்பாரில் போய் இடிக்கும்.

9. சாலையில்

புறப்பட்டு பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, பின், குமிழ், கொக்கி, ஸ்ட்ராப் நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். புது இறுக்கம் எல்லாம் இந்த முதல் ஓட்டத்தில்தான் கொஞ்சம் தளர்கிறது. அதன்பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பார்வை போதும்.

வண்டி இப்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கூடியிருக்கிறது. பின்னோக்கி எடுக்கும்போது இறங்கிப் பாருங்கள், அல்லது யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். வண்டியின் சென்சார் ரேக்கைப் பார்த்தே கத்தும். ரிவர்ஸில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் திடீரென்று நின்றுவிடும். அதை அணைக்கும் வழியைக் கையேட்டில் முன்பே பார்த்து வையுங்கள்.

செங்குத்தான சரிவில் ஏறத் தொடங்கும்போதும் இறங்கி முடிக்கும்போதும் ரேக்கின் முனை தரையில் உரசும். குறுக்காக, மெதுவாக எடுங்கள். மண் சாலைக்கென்று எடை எல்லையைக் குறைத்துக் கொடுத்திருக்கும் ரேக்குகள் உண்டு. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கேரவன், டிரெய்லர் ஆகியவற்றின் பின்னால் ரேக்கை மாட்டலாமா என்பதையும் அதே கையேட்டில் பாருங்கள். அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால் பகுதியின் குதிப்பு காரைவிட மிக அதிகம் என்பதால் பல ரேக்குகளுக்கு அது தடை.

ரேக்கோடு வரும் கேபிள் பூட்டு, தேநீர் குடிக்கும் நேரத்துக்குப் போதும். இரவு முழுவதும் விட்டுவிட்டுத் தூங்குவதற்கு அது போதாது. ரேக்கையே கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க, பூட்டு உள்ள பின் ஒன்று வாங்குங்கள்.

10. இறக்குவதும் கழற்றி வைப்பதும்

வெளியே இருக்கும் சைக்கிள் முதலில். ராட்செட்டை விடுவிப்பதற்கு முன் ஒரு கை சைக்கிளைப் பிடித்திருக்க வேண்டும். சைக்கிள்கள் இருக்கும்போதே ரேக்கைச் சாய்க்க நேர்ந்தால் இருவர் இருப்பது நல்லது. பின் விடுபட்ட நொடியில் முழு எடையும் கைக்கு வரும்.

வேலை முடிந்ததும் ரேக்கைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ரிசீவரிலேயே கிடந்தால் தண்டு துருவில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. கழற்ற முடியாத நாட்களில் மடக்கியாவது வையுங்கள்; அதோடு தானியங்கி கார் வாஷுக்குள் போகாதீர்கள். ரிசீவரின் வாய்க்கு ரப்பர் மூடி போடுங்கள். பின்னையும் கிளிப்பையும் ரேக்கின் கையிலேயே மாட்டி வையுங்கள், தனியாக வைத்தால் அடுத்த பயணத்தின் காலையில் தேட வேண்டியிருக்கும்.